இயாகோ நிறவெறியனா, நிறவெறியைக் கையில் எடுத்தவனா?

#1 தாழ்வாரம்

எங்கள் வாசிப்புக் குழுவில் போன மாதம் ஷேக்ஸ்பியரின் 'ஒத்தெல்லோ'. தெரியாதவர்களுக்கு: இத்தாலியின் வெனிஸ் நகரத் தளபதி ஒத்தெல்லோ, ஊர் 'மூர்' என்று அழைக்கும் கறுப்பர். டெஸ்டிமோனா என்ற வெள்ளைப் பெண்ணை ரகசியமாக மணக்கிறார். அவர் கீழே வேலை செய்யும் இயாகோ, அவளுக்கும் படை அதிகாரி காசியோவுக்கும் தொடர்பு என்று பொய்யை நம்பவைத்து, அவர் கையாலேயே அவளைக் கொல்லவைக்கிறான். ஆறு பேர் ஒன்றாக உட்கார்ந்தோம், இரண்டு கட்சியாக எழுந்து போனோம்.

ஒரு கட்சி சொல்வது: இயாகோவுக்குக் கிடைக்க வேண்டிய துணைத்தளபதி பதவி காசியோவுக்குப் போய்விட்டது. அந்தக் கடுப்புதான் எல்லாம். ஒத்தெல்லோ வெள்ளைக்காரனாக இருந்திருந்தாலும் இதையேதான் செய்திருப்பான். நிறம் அவன் கைக்கு எட்டிய கல், அவ்வளவுதான்.

மற்றக் கட்சி: முதல் காட்சியைப் படித்தீர்களா இல்லையா? நடுராத்திரியில் பெண்ணைப் பெற்றவர் வீட்டு வாசலில் நின்று, "கிழட்டுக் கறுப்புக் கடா ஒன்று உங்கள் வெள்ளைப் பெண்ணாட்டின் மேல் ஏறிக்கொண்டிருக்கிறது" என்று கத்துகிறான். அவன் நிறவெறியன் இல்லையென்றால் வேறு யார்?

நான் இரண்டாவது கட்சி. ஆனால் வீட்டுக்கு வந்து மறுபடி படித்ததும் கொஞ்சம் ஆட்டம் கண்டுவிட்டேன். மேடையில் தனியாக நின்று நம்மிடம் பேசும்போது இயாகோ இப்படியெல்லாம் திட்டுவதில்லை. 'ஒத்தெல்லோ திறந்த மனசுக்காரன், யாராவது யோக்கியன் மாதிரி நடித்தாலே யோக்கியன் என்று நம்பிவிடுவான்' என்கிறான். இன்னொரு இடத்தில் ஒத்தெல்லோவுக்கு நிலையான, அன்பான, உயர்ந்த குணம் என்று தானே ஒப்புக்கொள்கிறான். அப்படியானால் அந்தக் கடாப் பேச்செல்லாம் அடுத்தவர் காதுக்காக மட்டும்தானா? படித்தவர்கள் சொல்லுங்கள்.


#2 கடைசிபெஞ்ச்

இரண்டு கட்சியும் சேர்ந்து ஒரு ஆளை மறந்துவிட்டீர்கள். அவர் பெயர் ஒத்தெல்லோ.

ஒரு படையையே நடத்துகிற மனுஷன். தான் பரிசாகக் கொடுத்த ஒரு கைக்குட்டை காணாமல் போனதற்குப் பெண்டாட்டியைக் கொல்கிறார். இதில் வில்லன் கெட்டிக்காரனா, ஹீரோ மக்கா? 1693-லேயே தாமஸ் ரைமர் என்ற விமர்சகர் இதைக் கிழித்துத் தொங்கவிட்டார். இதற்குக் 'கைக்குட்டைச் சோகம்' என்றே பெயர் வைத்திருக்கலாமே என்று கேட்டார். நல்ல குடும்பத்துப் பெண்கள் தங்கள் துணிமணியை ஒழுங்காகப் பார்த்துக்கொள்ள வேண்டும், இதுதான் இந்த நாடகம் தரும் பாடம் என்று நக்கல் வேறு. நான் ரைமர் கட்சி.


#3 மல்லிகைமேடு

கடைசிபெஞ்ச் தம்பி, ரைமரை இழுத்தால் முழுசாக இழுக்க வேண்டும். அதே புத்தகத்தில் அவர் இன்னொன்றும் சொல்கிறார்: நம் நாட்டில் ஒரு கறுப்பர் மிஞ்சிப்போனால் எக்காளம் ஊதுகிறவராக உயரலாம், ஷேக்ஸ்பியர் என்னடாவென்றால் அவரைத் தளபதி ஆக்கிவிட்டாரே என்று. ஒத்தெல்லோ ரைமருக்கு மக்காகத் தெரிந்தது கைக்குட்டையால் மட்டும் இல்லை.

அவருக்குப் பின்னால் வந்த ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜும் இதே கதைதான். இயாகோவிடம் இருப்பது 'காரணமே இல்லாத தீமை காரணம் தேடி அலைவது' என்று இன்றைக்கும் எல்லாரும் எடுத்துக்காட்டும் வாசகத்தைத் தந்தவர் அவர். அவரேதான், ஒரு அழகான வெனிஸ் பெண் நிஜமான கறுப்பர் ஒருவரைக் காதலித்தாள் என்று நினைப்பதே விகாரம், ஒத்தெல்லோ அப்படிப்பட்டவராக இருக்க முடியாது என்றும் எழுதினார். டெஸ்டிமோனாவின் அப்பா பிரபான்ஷியோ இதையேதான் முதல் அங்கத்தில் பேசுகிறார். மேடையில் அவர் பேசி முடித்து இருநூறு வருடம் கழித்து மேடைக்கு வெளியே இவர் பேசுகிறார். காரணம் கண்முன்னே நின்றபோதும் 'காரணமே இல்லை' என்று கோல்ரிட்ஜுக்குத் தோன்றியதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

இனி தாழ்வாரத்தின் கேள்வி. நல்ல கேள்வி, ஆனால் தனிமொழிகளை இன்னும் ஒரு தடவை பாருங்கள். என் படுக்கையில் அந்த மூர் புகுந்துவிட்டான் என்று வெளியே பேச்சு அடிபடுகிறது என்கிறான். உடனே, 'உண்மையா தெரியாது, ஆனால் வெறும் சந்தேகமே போதும், நிச்சயம் என்றே வைத்து நடப்பேன்' என்கிறான். அடுத்த அங்கத்தில் திரும்பவும், 'காமம் பிடித்த மூர் என் இருக்கைமேல் தாவி ஏறிவிட்டான்' என்று பொருமுகிறான். ஏறுவது, தாவுவது, அதே மிருக வாடை. இயாகோவின் மனைவி எமிலியாவுக்கும் ஒத்தெல்லோவுக்கும் நடுவே ஏதாவது இருந்ததாக நாடகத்தில் ஒரு துளி ஆதாரம் கிடையாது. அப்புறம் எப்படி அந்தச் சந்தேகம் அவ்வளவு சுலபமாக வந்து உட்கார்ந்தது? மூர் என்றால் இப்படித்தான் என்று ஊர் வைத்திருந்த பிம்பம் அவனுக்குள்ளும் இருந்தது. விற்கிற சரக்கை வியாபாரியே கொஞ்சம் சாப்பிடுகிறான்.

இன்னொன்று. முதல் காட்சி முழுக்க ஒத்தெல்லோவின் பெயரை ஒருவரும் சொல்வதில்லை. 'அவன்', 'மூர்', இயாகோவின் கூட்டாளி ரோடெரிகோ வாயில் 'தடித்த உதட்டுக்காரன்'. அன்றைய லண்டன் ரசிகர்கள் 'டைட்டஸ் ஆண்ட்ரோனிகஸ்' நாடகத்தில் ஏரன் என்ற கறுப்பு வில்லனைப் பார்த்திருந்தவர்கள். முதல் காட்சி முடியும்போது அவர்கள் மனசில் என்ன உருவம் நின்றிருக்கும்? அடுத்த காட்சியில் அந்த 'மிருகம்' வருகிறது. வாளை உருவிக்கொண்டு பாய்கிறவர்களிடம், "வாளை உறையில் போடுங்கள், பனி பட்டால் துருப்பிடித்துவிடும்" என்கிறது. எனக்கு இந்த நாடகத்தில் மிகவும் பிடித்த வரி இதுதான்.


#4 உப்புக்காற்று

நான் இலக்கியம் படித்தவன் இல்லை. பதினோரு வருடமாக வெளிநாட்டில் கப்பல் பட்டறை வேலை. இந்த நாடகத்தை ஒரு தடவைதான் பார்த்தேன், அதுவும் கீழே எழுத்து ஓடும் வீடியோவில். ஆனால் ஒரு இடத்தில் நிறுத்திவிட்டு எழுந்து வெளியே போய் நின்றேன்.

நான் வந்த புதிதில் அந்த ஊர்க்காரர் ஒருவர் ரொம்ப ஒட்டிக்கொண்டார். நல்ல மனுஷன் மாதிரிதான். "இங்கே மேலதிகாரியிடம் நேராகப் போய்ப் பேசாதே, மரியாதை இல்லாதவன் என்று நினைப்பார்கள். எதுவானாலும் என்னிடம் சொல், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்பார். ஒரு வருடம் அப்படியே இருந்தேன். மற்ற எல்லாரும் நேராகத்தான் போய்ப் பேசிக்கொண்டிருந்தார்கள் என்பது, எனக்கு வரவேண்டிய கிரேடு அவருக்குப் போன பிறகுதான் தெரிந்தது. நான் மக்கு இல்லை சார். அந்த ஊர் நடைமுறை எனக்குத் தெரியாது, அது தெரிந்தவர் என் பக்கத்தில் அவர் ஒருவர்தான்.

நான் வீடியோவை நிறுத்திய இடம், இயாகோ "எங்கள் ஊர்ப் பெண்களின் போக்கு எனக்கு நன்றாகத் தெரியும்" என்று ஆரம்பிப்பது. வெனிஸ் பெண்கள் புருஷனுக்குக் காட்டத் துணியாத கூத்தையெல்லாம் கடவுளுக்குக் காட்டுவார்களாம். அதற்கு ஒத்தெல்லோ சொல்கிற பதில் "அப்படியா சொல்கிறாய்?" என்பது மட்டும்தான். ஏழு வயதிலிருந்து போர்க்களத்தில் வளர்ந்தவர். பீரங்கி பற்றி ஒருவன் பொய் சொன்னால் அந்த நொடியே பிடித்துவிடுவார். வெனிஸ் பெண்களைப் பற்றிச் சொன்னால் அவர் யாரிடம் போய்ச் சரிபார்ப்பார்?


#5 கடைசிபெஞ்ச்

உப்புக்காற்று, அது அடி. வாங்கிக்கொள்கிறேன். 'மக்கு' வாபஸ்.

ஆனாலும் விடமாட்டேன். வெனிஸிலிருந்து சைப்ரஸ் தீவுக்குப் படையோடு வந்து இறங்கி முழுசாக இரண்டு ராத்திரிகூட ஆகவில்லை. வரும்போது காசியோ ஒரு கப்பல், டெஸ்டிமோனா ஒரு கப்பல், ஒத்தெல்லோ இன்னொரு கப்பல். கடைசி அங்கத்தில் 'காசியோவோடு ஆயிரம் தடவை' என்கிறார்! எந்த நேரத்தில் ஐயா? நாள் கணக்குப் போட்டுப் பார்த்திருந்தாலே பொய் உடைந்திருக்குமே. மனைவியை உட்காரவைத்து நேராக ஒரு வார்த்தை கேட்டிருக்கக்கூடாதா?


#6 மல்லிகைமேடு

கணக்கு உதைப்பதை நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அரங்கில் உட்கார்ந்திருக்கும்போது உங்களுக்கே அது உறைக்காது. மூச்சுவிட நேரம் இல்லாமல் ஓடுவதால்தான் பொய் நிற்கிறது. ஒரு வாரம் அவகாசம் இருந்திருந்தால் இயாகோ செத்தான்.

மூன்றாம் அங்கம் மூன்றாம் காட்சியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். இயாகோ எதையும் சொல்வதில்லை. காசியோ டெஸ்டிமோனாவிடம் பேசிவிட்டுப் போவதைப் பார்த்து, "ஹா, எனக்கு இது பிடிக்கவில்லை" என்று முணுமுணுக்கிறான். என்ன என்று கேட்டால், ஒன்றுமில்லை என்கிறான். காசியோவுக்கு உங்கள் காதல் விஷயம் முன்னமே தெரியுமா என்கிறான். ஆமாம், எங்கள் நடுவே தூது போனவனே அவன்தான் என்கிறார் இவர். "அப்படியா?" அவ்வளவுதான். அவன் யோக்கியன் இல்லையா என்று கேட்டால், "யோக்கியனா, பிரபு?" என்ன நினைக்கிறாய் என்று கேட்டால், "நினைக்கிறேனா, பிரபு?" இவர் எரிச்சலில், நான் சொன்னதையே எதிரொலிக்கிறானே, மனசில் ஏதோ பூதத்தை ஒளித்து வைத்திருக்கிறான் என்று கத்துகிறார். ஒரு பொய்கூட இன்னும் விழவில்லை. சொல், சொல் என்று கெஞ்சுகிறவர் ஒத்தெல்லோ. நாமே தோண்டி எடுத்ததை நாம் சந்தேகிப்போமா?

இப்போது நிறம் உள்ளே வருகிற கட்டம். முதல் அங்கத்தில் பிரபான்ஷியோ சபையில் என்ன வாதம் செய்தார்? இயற்கை இப்படி விபரீதமாகப் பிசகாது, சூனியம் வைத்துத்தான் என் பெண்ணை மயக்கியிருக்க வேண்டும் என்றார். இங்கே, 'டெஸ்டிமோனா நல்லவள்தான்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருக்கும் ஒத்தெல்லோ, "ஆனாலும் இயற்கை தன்னிலிருந்து பிசகி..." என்று ஆரம்பிக்கிறார். வாக்கியம் முடியவில்லை. இயாகோ பாய்ந்து பிடிக்கிறான்: "ஆமாம், அதுதான் விஷயம்!" தன் நாடு, தன் நிறம், தன் அந்தஸ்து என்று வந்த வரன்களையெல்லாம் தள்ளிவிட்டு உங்களிடம் வந்தாளே, அதிலேயே ஒரு அழுகல் வாடை அடிக்கவில்லையா என்று முகத்துக்கு நேரே கேட்கிறான்.

அந்த விஷத்தை இயாகோ வெளியிலிருந்து கொண்டுவரவில்லை என்பதுதான் எனக்குத் திரும்பத் திரும்ப உறைப்பது. மாமனார் சபையில் பேசிய வார்த்தை மருமகனுக்குள்ளே போய் உட்கார்ந்திருக்கிறது, அவரே அறியாமல் அவர் வாயிலிருந்தே வருகிறது. இயாகோ மூடியைத் திறந்தான். கொஞ்ச நேரத்தில், 'நான் கறுப்பு என்பதாலோ, எனக்கு நயமான பேச்சு வராது என்பதாலோ, வயசு இறங்கிவிட்டது என்பதாலோ' என்று ஒத்தெல்லோ தானே பட்டியல் போட ஆரம்பித்துவிடுகிறார்.

மனைவியிடம் ஏன் கேட்கவில்லை என்றீர்கள். கடைசியில் கேட்கிறார்தான். அதற்குள் அவள் என்ன சொன்னாலும் நடிப்பாகத்தான் தெரியும். 'அப்பாவை ஏமாற்றியவள் உன்னையும் ஏமாற்றலாம்' என்று பிரபான்ஷியோ எறிந்துவிட்டுப் போன வாசகத்தையும் இயாகோ இதே காட்சியில் எடுத்துக் கொடுத்தாகிவிட்டது.

ஆகவே 'நிறவெறியனா, பயன்படுத்தியவனா' என்று இரண்டாகப் பிரிப்பது எனக்குச் சரிப்படவில்லை. ஊரில் இல்லாத ஒன்றை அவனால் பயன்படுத்தியிருக்க முடியாது. தளபதியாக வேண்டும், மருமகனாக வேண்டாம் என்று நினைத்த வெனிஸ் அது. பிரபான்ஷியோ அவரை வீட்டுக்கு அழைத்து விருந்து வைத்துக் கதை கேட்டவர்தான். ஆதரவாகப் பேசுகிற டியூக்கே (வெனிஸின் ஆட்சித் தலைவர்), 'உங்கள் மருமகன் கறுப்பைவிட வெளுப்புதான்' என்றுதான் பாராட்டுகிறார். பாராட்டிலேயே முள்.


#7 பழையநாடகம்

மேடைப் பக்கத்திலிருந்து கொஞ்சம். நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நமக்குக் கிடைக்கும் பழைய பதிவு 1604 நவம்பர் 1, மன்னர் முதலாம் ஜேம்ஸ் முன்னால் வைட்ஹால் அரண்மனையில் நடந்த ஆட்டம். ஒத்தெல்லோவாக ஆடியவர் ரிச்சர்ட் பர்பேஜ், முகத்தில் கறுப்புச் சாயம் பூசிய வெள்ளைக்காரர். டெஸ்டிமோனாவாக ஒரு பையன். அப்புறம் இருநூறு வருடத்துக்கு மேல் சாயப் பூச்சுதான். எட்மண்ட் கீன் என்ற வெள்ளைக்கார நடிகர் வந்தபோது சாயத்தையும் வெளிறச் செய்து பழுப்பு மூராக ஆடினார்.

1833 மார்ச் 25 அன்று கீன் கோவென்ட் கார்டன் அரங்கில் ஒத்தெல்லோவாக ஆடிக்கொண்டிருந்தபோது மேடையிலேயே சரிந்தார். இயாகோவாக ஆடிய சொந்த மகன் சார்ல்ஸ்தான் தாங்கிப் பிடித்தார். அதன்பின் அப்பா எழுந்து ஆடவில்லை. ஏப்ரலில் அதே அரங்கில் அதே வேடத்தில் இறங்கியவர் ஐரா ஆல்ட்ரிட்ஜ், நியூயார்க்கில் பிறந்த கறுப்பின நடிகர். ஒரு கறுப்பர் ஒரு வெள்ளை நடிகையை மேடையில் தொடுவதா என்று ஒரு பத்திரிகை வெளிப்படையாகவே புலம்பியது. இரண்டே ஆட்டம், முடிந்தது. லண்டன் பெரிய அரங்குகள் கதவைச் சாத்திக்கொண்டதால் மனிதர் ஐரோப்பா முழுக்கச் சுற்றி ஆடினார், ரஷ்யாவில் கொண்டாடினார்கள். 1867-இல் போலந்தின் வூச் நகரில் இறந்தார். அங்கேயேதான் சமாதி.

கறுப்பின அமெரிக்க நடிகர் பால் ரோப்சன் 1930-இல் லண்டனில் ஆடினார், டெஸ்டிமோனா பெக்கி ஆஷ்கிராஃப்ட். சொந்த நாடான அமெரிக்காவில், நியூயார்க்கின் நாடக வட்டாரமான பிராட்வேயில் ஆட 1943 வரை ஆனது. ஆனால் வந்தபோது 296 ஆட்டம். ஷேக்ஸ்பியர் நாடகம் எதுவும் பிராட்வேயில் அவ்வளவு நாள் ஓடியதில்லை. ஊர் ஊராகப் போனபோது, வெள்ளையர் கறுப்பரைத் தனித்தனியாக உட்காரவைக்கும் அரங்கில் ஆடமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். இதற்கெல்லாம் இருபது வருடம் கழித்து, 1964-இல், லாரன்ஸ் ஒலிவியே உடம்பெல்லாம் கறுப்புப் பூசிக்கொண்டு ஆடினார் என்பதையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். பெரிய நடிகர்தான், இருந்தாலும் இன்று அந்த ஆட்டத்தின் திரைப்பதிவை என்னால் பத்து நிமிடத்துக்கு மேல் பார்க்க முடியவில்லை. (நம் ஊர்க்காரர்கள் பலருக்கு ஒத்தெல்லோ முதலில் அறிமுகமானது 1963-இல் வந்த 'இரத்தத் திலகம்' கல்லூரிக் காட்சியில், சிவாஜியும் சாவித்திரியும். அதுவும் பூச்சுதான்.)

எனக்கு எல்லாவற்றிலும் பெரிதாகப் படுவது 1987, தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் மார்க்கெட் தியேட்டர். இயக்கியவர் ஜேனட் சுஸ்மன், ஒத்தெல்லோ ஜான் கானி. கலப்புத் திருமணத்தைத் தடுத்த சட்டம் நீங்கி அப்போது இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது, நிறவெறி ஆட்சி அப்படியே நின்றுகொண்டிருந்தது. ஒரு கறுப்பரும் வெள்ளைப் பெண்ணும் மேடையில் முத்தமிட்டுக்கொண்டதைப் பார்த்து எழுந்து போனவர்கள் உண்டு. இயாகோ வாசலில் நின்று கத்துகிற முதல் காட்சி அந்த அரங்கில் எப்படிக் கேட்டிருக்கும்!


#8 நிலாச்சோறு

பழையநாடகம் ஐயா, ஒரு சந்தேகம். 2015-இல் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி ஆட்டத்தில் இயாகோவாக ஆடியதும் கறுப்பின நடிகர்தானே, லூசியன் எம்சமாட்டி? ஒத்தெல்லோ ஹியூ குவார்ஷி. இரண்டு பேரும் கறுப்பர் என்றால் மல்லிகைமேடு அக்கா சொல்வது அங்கே உடைந்துவிடாதா?

அப்புறம் எமிலியாவைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. கைக்குட்டையை எடுத்துப் புருஷனிடம் கொடுத்தவள் அவள். ஒத்தெல்லோ 'கைக்குட்டை எங்கே' என்று டெஸ்டிமோனாவை வறுத்தெடுக்கும்போது பக்கத்திலேயே நின்றுகொண்டு வாயைத் திறக்கவில்லை. கடைசியில் கத்தி முனையில் உண்மையைச் சொல்கிறவளும் அவள்தான். ஆனால் அந்த உண்மையைச் சொல்கிற வாயே 'அவள் தேவதை, நீ கறுப்புப் பிசாசு' என்றும், அந்தக் கல்யாணம் 'அசிங்கமான பேரம்' என்றும் சொல்கிறது. நல்லவர்கள் வாயிலும் அதே பேச்சு. இயாகோவைவிட இதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.


#9 பழையநாடகம்

உடையாது, நிலாச்சோறு. தன் ஆள் என்று நம்பியவன் மேலே போய் தன்னைக் கைவிட்டான் என்ற காயம் அந்த இயாகோவுக்குக் கூடுதலாகச் சேர்கிறது, அவ்வளவுதான். முதல் காட்சியில் அவன் பிரபான்ஷியோ வாசலில் அதே கடாப் பேச்சைத்தான் கத்த வேண்டியிருக்கிறது. வெள்ளைக்காரர்களுக்கு எந்த வார்த்தை வேலை செய்யும் என்று ஒரு கறுப்பர் அறிந்து பேசும்போது இன்னும் கசக்கிறது.

ஒரு கொசுறு. ஷேக்ஸ்பியர் கதையை எடுத்தது சிந்தியோ என்ற இத்தாலியரின் 1565-ஆம் வருடத்துக் கதைத் தொகுப்பிலிருந்து. அதில் மூருக்கும் பெயர் இல்லை, வில்லனுக்கும் பெயர் இல்லை. வில்லனுக்கு அந்தப் பெண் மேல் ஆசை, கிடைக்காத கோபம், நேரான கதை. அந்தப் பெண்ணே ஒரு கட்டத்தில், இயற்கையும் தெய்வமும் வாழ்க்கைமுறையும் நம்மிடமிருந்து பிரித்துவைத்த ஒருவனை மணக்கக்கூடாது என்பதற்கு இத்தாலியப் பெண்களுக்கு நானே பாடமாகிவிடுவேனோ என்று பயப்படுகிறாள்.

ஷேக்ஸ்பியர் அந்த வசனத்தை டெஸ்டிமோனாவிடமிருந்து பிடுங்கிவிட்டார். அவருடைய டெஸ்டிமோனா சாகும்போதும் அப்படி ஒரு வார்த்தை சொல்வதில்லை. அந்தக் கருத்து இங்கே பிரபான்ஷியோ வாயிலும் இயாகோ வாயிலும்தான் இருக்கிறது. பெயர் இல்லாத வில்லனுக்கு அவர் வைத்த பெயரையும் கவனியுங்கள். இயாகோ ஸ்பானியப் பெயர். ஸ்பெயினின் காவல் புனிதர் சாந்தியாகோ, அவருக்குப் பட்டப்பெயர் 'மாத்தாமோரோஸ்', மூர்களைக் கொல்பவர்.


#10 கடைசிபெஞ்ச்

பெயர் விஷயம் சத்தியமாகத் தெரியாது. ரைமர் கட்சியிலிருந்து ராஜினாமா.

போகிற போக்கில் நானும் ஒன்று. சாவதற்கு முன் ஒத்தெல்லோ, தன் குலத்தைவிட விலை உயர்ந்த முத்தைத் தூக்கி எறிந்தவன் என்று தன்னைச் சொல்லிக்கொள்கிறார் இல்லையா? 1622-இல் தனி நூலாக வந்த குவார்ட்டோ பதிப்பில் எறிந்தவன் 'இந்தியன்' (Indian), நாடகத் தொகுப்பான 1623 ஃபோலியோவில் 'யூதேயன்' (Iudean). அச்சில் n என்ற எழுத்துத் தலைகீழாய் விழுந்து u ஆனதா, வேறு ஆளா என்று இன்னும் சண்டை. முத்துக்குப் பேர்போன கரைக்காரன் என்பதால் என் ஓட்டு இந்தியனுக்கு. முத்தின் அருமை தெரியாதவன் நாம்தான் என்று அங்கே எழுதி வைத்திருக்கிறார்களே என்ற வருத்தமும் உண்டு.


#11 தாழ்வாரம்

எல்லாருக்கும் நன்றி. அடுத்த கூட்டத்துக்கு இந்த இழையை அப்படியே அச்செடுத்துக்கொண்டு போகிறேன்.

நேற்று ராத்திரி சாப்பாடு ஆனதும் மூன்றாம் அங்கம் மூன்றாம் காட்சியை நானும் தங்கையும் சத்தமாகப் படித்துப் பார்த்தோம். நான் ஒத்தெல்லோ, அவள் இயாகோ. அவள் நாடகத்தை முன்பின் படித்ததில்லை, கதையும் தெரியாது. எனக்கு முழுக்கதையும் தெரியும், டெஸ்டிமோனா குற்றமற்றவள் என்று தெரியும், இந்த இழை முழுவதையும் வேறு படித்திருக்கிறேன். மாவு அரைக்கிற சத்தத்துக்கு நடுவே அவள் தலையை நிமிர்த்தாமல் சாவகாசமாக "அப்படியா?" என்றாள்.

ஒரு விநாடி எனக்கே காசியோ மேல் சந்தேகம் வந்தது.